உப்பில் ஊறிய விண்கல்

என் மாமா பொய் சொல்கிறவரா இல்லையா என்பதை ஒரு கல்லின் வேதியியல்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அந்த வேதியியலைச் செய்தவள் நான். அடக்கம் என்கிற குணம் எனக்குச் சிறு வயதிலிருந்தே அவ்வளவாக வராது. அதனால் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: அன்றைக்குச் சிதம்பரத்தில் அந்த வேலையை என்னளவுக்குச் செய்யத் தெரிந்தவர்கள் இரண்டொருவர் இருந்தார்கள். அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். கல் அப்படி நாறியது.

அறுபத்தேழில் ஆட்சி மாறியதே, அதற்கு மறு வருஷம் அது. நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முடித்துவிட்டு அங்கேயே டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். காலையில் பையன்களுக்குப் பிப்பெட் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பேன். மத்தியானத்துக்கு மேல் என் சொந்த ஆராய்ச்சி. பாறைகளை அமிலத்தில் கரைத்து, உள்ளே என்னென்ன உலோகம் இருக்கிறது என்று பிரித்துச் சொல்வதுதான் அது. பிறந்தது கடலூர்த் துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த பெண் எங்கள் குப்பத்தில் எனக்கு முன்னால் யாருமில்லை. பொட்டைப்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்கள் வாயையெல்லாம் அடைத்து என்னை அனுப்பிவைத்தவர் என் அம்மாவின் தம்பி. அவர்தான் நான் சொல்லும் மாமா.

மாமா நாட்டாமையின் தோணியில் துடுப்புப் போடுகிறவர். கரைவலை இழுக்க நாட்டாமை புதிதாகக் கட்டிய தோணி அது. குப்பத்தில் பாதி வீட்டுக்கு அதை வைத்துத்தான் சோறு. தீமிதி அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. ஊர் மொத்தமும் அம்மன் கோயில் திடலில் இருந்தது. மாமாவுக்குக் காலில் திருக்கை முள் ஏறிப் புண்ணாகியிருந்ததால் அவர் மட்டும் கரையில் தோணிக்குக் காவலாக, அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார். வெயில் தாழுகிற நேரம். திடலில் வேட்டு மேல் வேட்டாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது கடல் பக்கமிருந்து ஒரு புகைக்கோடு இறங்கியதாம். இடி மாதிரி ஒரு சத்தம், பிறகு விர்ரென்று ஒரு காற்று, பிறகு தலைக்கு மேலே பலகை உடைகிற ஓசை. எழுந்து பார்த்தால் தோணியில் ஓட்டை. உள்ளே கன்னங்கரேல் என்று உடைந்து கிடந்த ஒரு கல்.

ஊர் திரும்பி வந்தது. ஓட்டையைப் பார்த்தது. மாமா சொன்னதைக் கேட்டுச் சிரித்தது. வேட்டுச் சத்தத்தில் இடிச் சத்தம் யார் காதிலும் தனியாக விழவில்லை, வேட்டுப் புகையில் அந்தக் கோட்டையும் யாரும் பார்க்கவில்லை. திடலிலிருந்து ஒரு வேட்டைத் திருடிக்கொண்டு வந்து தோணிக்குள் வைத்து விளையாடியிருக்கிறான், அது வெடித்ததும் பயந்துபோய் நெய்வேலிக் கரியைப் போட்டுக் கதை கட்டுகிறான் என்று முடிவுகட்டினார்கள். உள்ளதைச் சொன்னால், நான் அந்த ஊர்க்காரியாக மட்டும் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். வானத்திலிருந்து கல் விழுவதைவிட வேட்டு வெடிப்பது எளிதில் நடக்கிற காரியம்.

பஞ்சாயத்து தீர்ப்பும் சொல்லிவிட்டது. செய்ததை ஒத்துக்கொண்டு சபையில் விழுந்து கும்பிட வேண்டும், இல்லாவிட்டால் நிரூபிக்க வேண்டும். இரண்டில் ஒன்று ஆகும் வரைக்கும் மாமாவை எந்தத் தோணியிலும் கட்டுமரத்திலும் ஏற்றக்கூடாது. கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்று மாமா கேட்டாராம். அதற்கு அத்தை, அதாவது அவர் மனைவி, குறுக்கே நின்றுவிட்டாள். இன்று சத்தியம் செய்துவிட்டு நாளைக்கு யார் வீட்டுப் பிள்ளைக்காவது கடலில் ஏதாவது ஆகிவிட்டால், பொய்ச் சத்தியத்தால்தான் ஆனது என்று ஆயுசுக்கும் சொல்வார்கள் என்பது அவள் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. கடலில் ஏதாவது ஆவது எங்கள் குப்பத்தில் புதிதல்ல.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு திங்கட்கிழமை அத்தையே சிதம்பரத்துக்கு வந்து நின்றாள். பாசஞ்சர் ரயிலில் மீன்காரப் பெண்களோடு சேர்ந்து, தலையில் சும்மாடு கட்டி, மூடிய மண்பானையோடு. பல்கலைக்கழக வாட்ச்மேன் கருவாட்டுக்காரி என்று நினைத்து அவளை ஹாஸ்டல் சமையல்கட்டுக்குத் திருப்பிவிட்டிருந்தான். சமையல்காரர் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, என்னம்மா கரியைப் போய் உப்புக்கண்டம் போட்டிருக்கே என்று கத்திய சத்தம் கேட்டுத்தான் நான் ஓடினேன்.

பானைக்குள் உப்பு. கல்லுப்பு, நெத்திலிக்குப் போடுகிற மாதிரி அடுக்கடுக்காகப் போட்டு அமுக்கி வைத்திருந்தாள். நடுவே கறுப்புக் கறுப்பாகக் கல் துண்டுகள். பானையோ வருஷக்கணக்காகக் கருவாடு ஊறிய பானை.

“இதுக்கு எதுக்கு அத்த உப்பு போட்ட?” என்று கேட்டேன். கோபத்தில்தான்.

“பின்ன இன்னாம்மா பண்றது? மண்ணு ஒட்டியிருக்குதேன்னு தண்ணியில அலசுனேன். ஓரமெல்லாம் மை மாரி கரைஞ்சி ஓடுது. தாரு மாரி ஒரு நாத்தம் வேற. கெட்டுப் போவுதுன்னு தெரிஞ்சிபோச்சி. பஞ்சாயத்து எப்பக் கூடும்னு யாருக்குத் தெரியும்? அதுவரைக்கும் தாங்கணுமில்ல? அதான் ஒடனே உப்புல போட்டேன்.”

கெடாமல் வைக்க வேண்டிய பொருளுக்கு எங்கள் ஊர் அறிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். அவளைத் திட்ட வாய் வரவில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஏனென்றால் அவள் சொன்ன இரண்டு வார்த்தைகள் என் தலைக்குள் மணி அடித்துவிட்டன. தண்ணீரில் மை போலக் கரைகிறது. தார் வாசனை. சாதாரண விண்கல் அப்படிச் செய்யாது. கரி, அதாவது கார்பன், மிகுந்த விண்கல் செய்யும். உலகத்தில் அந்த ஜாதிக் கல் அகப்படுவது அபூர்வம். அதில் ஒன்றுதான் எங்கள் கருவாட்டுப் பானைக்குள் இருந்தது, அல்லது நெய்வேலிக் கரி இருந்தது.

எங்கள் துறைத் தலைவர் பார்த்தவுடனே நெய்வேலிதான் என்றார். அவர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் கெட்டிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு, முதலில் சொன்னதை விடமாட்டார்கள். சின்னத் துண்டு ஒன்றை மூடிய கண்ணாடிக் குழாயில் போட்டுச் சூடாக்கினார். குழாயின் மேல்பக்கம் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்தது. பழுப்பாகத் தார் படிந்தது. “பாரும்மா, தண்ணி வருது, தார் வருது. பழுப்பு நிலக்கரி. நெய்வேலி இங்கேருந்து கூப்பிடு தூரம். உங்க மாமாவுக்காக நீ கெமிஸ்ட்ரியை வளைக்கக் கூடாது” என்றார்.

கடைசி வாக்கியம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. வளைக்க மாட்டேன் சார், உடைத்துப் பார்க்கிறேன் என்றேன். அவர் பானையைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஆய்வகத்தின் கடைசி மேஜையில், ஜன்னலோரம் வைத்துச் செய்யச் சொன்னார். அது எனக்கு வசதியாகவே போயிற்று. யாரும் பக்கத்தில் வரவில்லை.

அவர் செய்த சோதனை தப்பில்லை, பாதியில் நிறுத்தியதுதான் தப்பு. கரி மிகுந்த கல் என்று பெயர்தான் பெரிது. நூறு பங்கு கல்லில் கரி இரண்டு மூன்று பங்கு இருந்தாலே அதிகம். மற்றக் கற்களில் அதுவும் இருக்காது என்பதால் இதற்கு இந்தப் பட்டம். மீதியெல்லாம் களிமண்ணுக்கு உறவான கறுப்புப் பொடி. அதற்குள் தண்ணீர் கட்டுண்டு கிடக்கும். கூடவே கந்தகம், இரும்பு, மக்னீசியம், கொஞ்சம் நிக்கல். நிலக்கரி கதை தலைகீழ். அது எரிந்தால் மிஞ்சுவது ஒரு பிடி சாம்பல்தான். ஆகவே திறந்த கிண்ணத்தில் வைத்து நன்றாக எரித்து, மிச்சத்தை நிறுத்துப் பார்த்தாலே போதும். எரித்தேன். தண்ணீர் போயிற்று, தார் போயிற்று, கந்தக நெடி மூக்கில் ஏறியது. கல் துருநிறமாக மாறி, கிட்டத்தட்ட முழுசாகக் கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தது.

பிறகு நிக்கல். நிலக்கரியிலும் எங்கள் பக்கத்துக் கற்களிலும் அது பேருக்குத்தான் இருக்கும், விண்கல்லில் கணிசமாக இருக்கும். உள்துண்டைக் கண்ணாடிபோல் இறுகிய அகேட் உரலில் பொடித்தேன், எஃகு உரலிலிருந்து வந்த நிக்கல் என்று யாரும் வாய் திறக்கக் கூடாதே. அமிலத்தில் கரைத்து, இரும்பு குறுக்கிடாமல் கட்டி, அம்மோனியா விட்டு, நிக்கலுக்கென்றே உள்ள அந்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். குழாய்க்குள் செம்பருத்திப் பூவைக் கசக்கிப் போட்டதுபோல் சிவப்பு இறங்கியது. நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். உப்பையும் பானையின் மீன் எண்ணெயையும் தனியாக எடுத்து அதே சோதனையைச் செய்தேன். சிவக்கவில்லை.

துறைத் தலைவர் வந்து குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, “சரி, விண்கல்தான். ஆனா வகை சொல்ல முடியாது. உப்பு போட்டுக் கெடுத்துட்டாங்க” என்றார். ஒரு படி இறங்கிவந்தவர் அடுத்த படியில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. அப்போது இந்தக் கற்களை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அதைவிட நுணுக்கமாகப் பிரிக்கிற புது முறை ஒன்றும் அப்போதுதான் வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்திருந்தது. பத்திரிகை கப்பலில் ஏறி எங்களிடம் வந்து சேரச் சில மாதம் ஆகும். எந்த முறையானாலும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். தண்ணீர் எவ்வளவு, கரி எவ்வளவு, உள்ளே கடுகு போன்ற சின்ன உருண்டைகள் உண்டா என்பவை அவை. தண்ணீரும் கரியும் மிக அதிகமாகி உருண்டையே இல்லாவிட்டால் முதல் வகை. இரண்டும் குறைந்து, உருண்டைகள் நெருக்கமாக இருந்தால் மூன்றாம் வகை. இடைப்பட்டது இரண்டாம் வகை. அத்தை போட்ட உப்பு தண்ணீர்க் கணக்கைக் குழப்பிவிட்டது, கருவாட்டுப் பானையின் எண்ணெய் கரிக் கணக்கைக் குழப்பிவிட்டது. இரண்டு கேள்விக்கும் விடை நாறிப்போய்விட்டது.

ஆனால் உப்பு எவ்வளவு ஆழம் இறங்கும்? இதைக் கருவாட்டுக் குப்பத்தில் பிறந்தவளிடம் கேட்க வேண்டும். சின்ன மீன் முழுசாக ஊறும். பெரிய மீனைக் கீறிப் போடாவிட்டால் நடுமுள் பக்கம் சப்பென்றுதான் இருக்கும். பானையில் இருந்ததிலேயே பெரிய துண்டை எடுத்தேன். மேலிருந்து மெல்லச் சுரண்டி, ஒவ்வொரு பொடியையும் தண்ணீரில் போட்டு வடித்து, வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்த்தேன். உப்பு இருந்தால் பாலாகத் திரியும். முதல் பொடி கெட்டித் தயிராகத் திரிந்தது. அடுத்தது அரிசி களைந்த நீர் மாதிரி. உள்ளே போகப்போக மங்கல் குறைந்துகொண்டே வந்து, ஒரு இடத்தில் தண்ணீர் தெளிந்து நின்றது. அதற்கு உள்ளே ஒரு எலுமிச்சை அளவுக்குக் கல், உப்பும் மீனும் தொடாமல், விழுந்தபடியே இருந்தது.

அதிலிருந்து ஒரு சில்லைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் மட்டும் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். கறுப்புப் பரப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்ன உருண்டைகள். இல்லாமலும் இல்லை, நெருக்கமும் இல்லை. அந்த உள்கல்லின் தண்ணீரும் கரியும் நடுவில்தான் வந்தன. இரண்டாம் வகை. துறைத் தலைவரிடம் காட்டினேன். “இதை நீயே எழுது” என்றார். பாராட்டு என்றால் அவரிடம் அவ்வளவுதான் வரும். நான் அதை முழுப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் துறைத் தலைவரை ஒத்துக்கொள்ள வைப்பது பெரிய வேலையில்லை. குப்பத்துப் பஞ்சாயத்து பாக்கி இருந்தது. அந்த ஞாயிறு பஸ் ஏறினேன்.

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்கள் பேசக்கூடாது. அவசியம் பேசித்தான் ஆகவேண்டும் என்றால், வட்டத்துக்கு வெளியே நின்று அவள் சொல்வதை அவள் வீட்டு ஆண் ஒருவர் உள்ளே நின்று திருப்பிச் சொல்வார். அப்படிச் சொன்னால்தான் அது சபையில் ஏறும். என்ன முட்டாள்தனம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அன்றைக்கு நான் அதைத் திருத்த வரவில்லை. ஆகவே நான் சொல்ல, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மாமா திருப்பிச் சொன்னார். மாமா சொன்னதை யாரும் நம்பாத ஊரில், நான் சொல்வதும் மாமா வாயால்தான் போகவேண்டும். அதையும் பாருங்கள்.

“இதுக்குள்ள நிக்கல் இருக்குது” என்றேன்.

“இதுக்குள்ள நிக்கலு இருக்குதாம்” என்றார் மாமா.

“எது இருக்குது?” என்றார் நாட்டாமை.

நிக்கல் எடுபடாது என்று புரிந்தது. கும்முட்டி அடுப்பைக் கொண்டுவரச் சொன்னேன். நெய்வேலியிலிருந்து வரவழைத்த நிலக்கரித் துண்டு ஒன்றை என்னோடு எடுத்துவந்திருந்தேன். ஒரு இரும்புக் கரண்டியில் அது, இன்னொரு கரண்டியில் தோணியை உடைத்த கல். இரண்டையும் தணலில் வைத்து அத்தை விசிறினாள். வட்டத்தில் இருந்த ஆட்களெல்லாம் பீடியை அணைத்துவிட்டு அருகே வந்தார்கள். நெய்வேலித் துண்டு புகைந்தது, பிடித்துக்கொண்டது, மஞ்சளாக எரிந்தது, கடைசியில் ஊதினால் பறக்கிற சாம்பலாக உட்கார்ந்தது. மற்றது கொஞ்சம் புகைவிட்டது, நாறியது, நிறம் மாறியது. ஆனால் கல்லாகவே கிடந்தது.

“இது கரி இல்ல. இந்த ஊரு மண்ணுலயும் இப்பிடி ஒரு கல்லு கெடையாது. மேலேருந்து வந்தது” என்றேன். மாமா அதைச் சொல்லும்போது குரல் உயர்ந்தது.

நாட்டாமை கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார். “சரி. நீ பொய் சொல்லல மச்சான். அது தீந்துது.” மாமாவின் தோள் தளர்ந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

நாட்டாமை முடிக்கவில்லை. “ஆனா ஒண்ணு. வானமே கல்லெடுத்து அடிச்சிருக்குது. எத்தினி பேரு இருக்கற ஊருல இவனத் தேடி வந்து அடிச்சிருக்குது. அப்பிடியாப்பட்ட ஆள தோணியில ஏத்துனா, கூடப் போறவன் கதி இன்னா?”

சபை மொத்தமும் ஆமாம் என்று முணுமுணுத்தது. கல்லின் ஜாதகத்தையே எழுதிவைத்திருந்தேன், இது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. கரி என்றால் மாமா பொய்யர். விண்கல் என்றால் மாமா பீடை. இரண்டுக்கும் தண்டனை ஒன்றேதான், கடலுக்குப் போகக்கூடாது.

“வானம் யாரையும் குறி பாக்காது. இந்தக் கல்லு விழறப்ப கீழ யாரு இருக்காங்கன்னு அதுக்குத் தெரியாது. சூரியனச் சுத்திக்கிட்டு...” என்று நான் படபடவென்று ஆரம்பித்தேன். மாமா திருப்பிச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கையைப் பின்னால் நீட்டி, போதும் என்பதுபோல் எனக்குக் காட்டினார். பிறகு வட்டத்துக்குள் ஓர் அடி முன்னே வைத்தார்.

“நாட்டாமை, நான் தோணி நெழலுல ஒக்காந்திருந்தேன். என் மேல ஒரு தூசு படல. அடி வாங்குனது உங்க தோணி. வானம் தேடிக்கினு வந்துதுன்னா அதத்தான் தேடிக்கினு வந்துது. ஒதுக்கி வெக்கறதுன்னா அதத்தான் ஒதுக்கி வெக்கணும். அதுல யாரும் ஏறக்கூடாதுன்னு சொல்லிடுங்க. நானும் ஏறல.”

எல்லோரும் தோணியைப் பார்த்தார்கள். புதுத் தோணி. பாதி ஊருக்குச் சோறு போடுகிற தோணி. நாட்டாமை தொண்டையைச் செருமினார், இன்னொரு தடவை செருமினார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த மரியாதை எங்கள் ஊரில் உண்டு.

“கல்லு விழுந்துது, பலகை ஒடைஞ்சிது” என்றார் கடைசியில். “கல்லு இன்னா, பாத்துப் பாத்தா விழும்? பலகைய மாத்துங்கடா. மச்சான், கால் புண்ணு ஆறிடுச்சி இல்ல? காலையில வந்துடு.”

வானம் குறி பார்க்காது என்று நான் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். நான் சொன்னபோது சபையில் ஏறவில்லை. எனக்கு அதில் வருத்தமேயில்லை. மாமா அன்றைக்குப் பேசிய பேச்சைக் கேட்டு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னைப் படிக்கவைக்க அவர் ஊர் வாயை எப்படி அடைத்திருப்பார் என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

என்னை பஸ் ஏற்றிவிட மாமா கூட வந்தார். மணலில் நடந்துகொண்டே, எங்கோ பார்த்தபடி கேட்டார். “ஒண்ணு கேக்கறேன் புள்ள, உள்ளதச் சொல்லு. கல்லு சொன்னதுக்கு அப்பறம்தான் என்னைய நம்புனியா? இல்ல முன்னாடியேவா?”

“முன்னாடியே நம்பினேன் மாமா. நம்பினதாலதான் அத அவ்ளோ சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்பப் பாத்தேன். என் மாமாங்கறதால நான் சொல்றேன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது.”

மாமா நின்றுவிட்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஊரு நம்புனத விட இது ஜாஸ்தி” என்றார்.